கையால் சுற்றுவதா, கரண்டில் ஓடுவதா? மலைநாட்டுக் குசினிக்கு ஒரு கோப்பி கிரைண்டர்

போன மாதம் பண்டாரவளையிலிருந்து அக்கா மகள் அழைத்தாள். “மாமா, சீட்டுக்காசு கைக்கு வந்திருச்சு. நல்ல கோப்பி கிரைண்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கரண்ட்ல ஓடுறதா, கையால சுத்துறதா? நீங்க ரெண்டையும் பாவிச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க.” சீட்டு இரண்டு இலட்சம் ரூபா. அந்தக் காசுக்கு ஒரு சோடித் தோடு வாங்குவாள் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். தோடு போய் கிரைண்டர் வந்தால் பழி என் தலையில்தான் விழும். அதனால் அவளுக்கு ஃபோனில் ஏதோ சொல்லி முடிக்காமல், யோசித்து எழுதுகிறேன்.

எங்கள் ஹட்டன் வீட்டில் இருப்பது கரண்டில் ஓடும் நீஷ் ஸீரோ. மூன்று வருடமாகிறது. லண்டனில் இருக்கும் மைத்துனர் வேறொன்றுக்கு மாறியபோது, தான் பாவித்ததை சூட்கேசில் உடுப்புக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்து தந்தார். சும்மா வந்த பொருளைப் பற்றி நியாயமாக எழுத முடியுமா என்றால், கஷ்டம்தான். விலையைப் பற்றி நான் பேசும் இடத்தில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வாசியுங்கள். கைக் கிரைண்டர் தம்பியுடையது, ஒன்ஸீபிரெஸ்ஸோ கே-அல்ட்ரா. ஒரே வளவில் இருப்பதால் பாதி நாள் அது எங்கள் மேசையில்தான் கிடக்கும். நுவரெலியாவில் ஒரு நண்பரிடம் டிஎஃப்64 என்ற கரண்ட் கிரைண்டர் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் அதில் அரைத்துத்தான் குடிப்போம்.

மில்லையும் மிக்சியையும் முதலில் பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் கிரைண்டர் என்றால் சம்பலும் தோசை மாவும் அரைப்பது. அதன் சின்ன ஜாரில் கோப்பிக் கொட்டையைப் போட்டு அடித்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் ஒரு தடவை செய்து பார்த்திருப்போம். பிளேட் அரைப்பதில்லை, வெட்டுகிறது. அடியில் மாவு, மேலே குறுணல். மாவு கசப்பை இறக்கும், குறுணலில் தண்ணீர் சும்மா ஓடிப்போகும். ஒரே கோப்பையில் கசப்பும் சப்பென்ற புளிப்பும் சேர்ந்து வருவது இதனால்தான். டவுன் மில்லில் அரைப்பது அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் மாதத்துக்கு ஒரு கிலோவை மொத்தமாக அரைத்து டின்னில் போட்டால், முதல் நாலு நாள் மணம். அப்புறம் தூள் மட்டும்தான். கேத்தலில் கொதிக்கவைத்து, மண்டியைப் படியவிட்டு, சீனி தூக்கலாகப் போட்டுக் குடிக்கிற கோப்பிக்கு அந்தத் தூள் தாராளம். நான் இன்றும் பின்னேரத்தில் அதைத்தான் குடிக்கிறேன். வீட்டில் அந்தக் கோப்பி மட்டும்தான் என்றால் மேற்கொண்டு வாசிக்க வேண்டாம், தோட்டையே வாங்கிக்கொள்ளலாம்.

அக்கா மகள் அப்படியல்ல. வீட்டிலிருந்தே கணினியில் வேலை. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, வி60 கூம்பில் பேப்பர் போட்டு வடித்துக் குடிக்கிறாள். அடுத்த வருடம், அழுத்தத்தில் கெட்டியாகக் கோப்பி இறக்கும் எஸ்பிரெசோ மெஷின் வாங்கும் ஆசையும் இருக்கிறது. இந்த ஆசைதான் கணக்கைக் குழப்புகிறது, பிறகு வருகிறேன்.

கிரைண்டரில் உண்மையில் அரைப்பது பர் என்று சொல்லும் எஃகுப் பற்கள். இதில் இரண்டு வகை. ஒன்றைப் புரிந்துகொள்ளத் திருகையைப் பார்த்திருந்தால் போதும். இரண்டு வட்டம் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்திருக்கும். நடுவில் கொட்டை விழும், ஓரத்தால் தூள் வரும். இது தட்டை பர். டிஎஃப்64இல் 64 மில்லிமீற்றர், இத்தாலிய யுரேகா மின்யோன் ஸ்பெஷியலிட்டாவில் 55 மில்லிமீற்றர். மற்றது ஆட்டுக்கல்லுக்குள் குழவி உட்கார்ந்திருப்பது மாதிரி: வளையத்துக்குள் ஒரு கூம்பு சுழலும், கொட்டை மேலிருந்து நசுங்கி நசுங்கிக் கீழே இறங்கும். நீஷில் இருப்பது இந்தக் கூம்பு, 63 மில்லிமீற்றர். கே-அல்ட்ராவிலும் கூம்புதான், 48 மில்லிமீற்றர்.

தட்டை பர் தூளை ஒரே சீராகத் தரும். கோப்பியின் ஒவ்வொரு ருசியும் தனித்தனியாகத் தெரியும். கூம்பில் நுண்தூள் கொஞ்சம் கூடுதலாக வரும். கோப்பை கனமாக, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து இருக்கும். இதில் எது உயர்ந்தது என்று இணையத்தில் சண்டை ஓயாது. என் கட்சி என்னவென்றால், முதலில் உங்கள் டப்பாவில் எந்தக் கொட்டை இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் வளவின் பின்னால் ஏழு கோப்பிச் செடி நிற்கிறது. யாரும் நட்டதாக ஞாபகமில்லை. இந்த மலைகள் முழுவதும் ஒரு காலத்தில் கோப்பிதானே. நம் முன்னோர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தது தேயிலை பறிக்க அல்ல, கோப்பிப்பழம் பறிக்க. 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலைத்துரு நோய் தலைகாட்டி, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை நட்டிருந்தார். கோப்பிக்காக வந்த சனம் டஸ்ட் தேயிலை குடிக்கும் சனமாக ஆனது அப்படித்தான். தப்பிப் பிழைத்த செடிகள் வேலியோரத்திலும் மிளகுக் கொடிக்குப் பக்கத்திலும் இன்னும் காய்க்கின்றன.

வீட்டுக் கொட்டை இப்படித்தான் வருகிறது: பழத்தைப் பறித்து, வெயில் கிடைத்த நாட்களில் சாக்கில் காயவைத்து, இடித்துப் புடைத்து, தாச்சியில் விறகடுப்பில் வறுத்து. ஒரு கொட்டை கருப்பு, பக்கத்தில் இருப்பது இளம் பழுப்பு. இதைத் தட்டை பர்ரில் போட்டு அரைத்தால் துலக்கமாகத் தெரிவது கருகல்தான். நுவரெலியா நண்பர் வீட்டில் ஒரு தடவை எங்கள் கொட்டையைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தோம். மூவர் குடித்தோம், மூவரும் முகத்தைச் சுளித்தோம். அதே கொட்டை நீஷில் அரைத்தபோது கருகல் கொஞ்சம் அடங்கி, கருப்பட்டி மாதிரி ஒரு கனம் மேலே வந்தது. ஆனால் அவர் கொழும்பிலிருந்து எடுப்பிக்கும் இளவறுவல் எத்தியோப்பியக் கொட்டைக்கு டிஎஃப்64தான் ராஜா. அதில் மல்லிகைப்பூவும் எலுமிச்சைத் தோலும் வந்தது. நீஷில் அதே கொட்டை வெறும் நல்ல கோப்பியாக இருந்தது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம் தண்ணீர். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே கேத்தல் துள்ளிக் கொதித்தாலும் 94 பாகையைத் தாண்டாது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96க்குக் கிட்ட. புத்தகத்தில் ‘இளவறுவலுக்கு 97, 98 பாகையில் ஊற்றவும்’ என்று போட்டிருந்தால் நாம் எங்கே போவது? சூடு குறைவதை அரைப்பால்தான் ஈடுகட்ட வேண்டும்: இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்து, தண்ணீர் தூளோடு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்படி செய்வது. மோசமான கிரைண்டரில் நைசாக்கினால் மாவு கூடி, பேப்பர் அடைத்து, கசப்புத்தான் மிஞ்சும். ஆகவே நல்ல கிரைண்டர் என்பது மலையில் இருப்பவருக்குக் கொழும்பில் இருப்பவரைவிடக் கூடத் தேவை. அக்கா இதை வாசித்தால் இந்த ஒரு பந்தியை மட்டும் கவனிக்கட்டும்.

சரி, பாவிப்பது எப்படி இருக்கும்?

காலை ஐந்தே கால். குசினியில் லைட்டைப் போட்டால் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஈரம் வழியும். தராசில் சின்னக் கிண்ணத்தை வைத்து 18 கிராம் நிறுத்து எடுக்கிறேன். நீஷின் மூடியைத் திறந்து கொட்டையைக் கவிழ்த்து, மூடி, சுவிச்சை அமத்தினால் ஒரு தாழ்ந்த ‘ம்ம்ம்’ சத்தம். பக்கத்து அறையில் மகன் புரண்டுகூடப் படுப்பதில்லை. இருபது விநாடிக்குக் கிட்டத்தட்டக் கொட்டைகள் மேலே துள்ளும் சத்தம் குறைந்து குறைந்து, கடைசி இரண்டு கொட்டை ‘டிக், டிக்’ என்று தட்டிவிட்டு மறையும். போட்ட 18 கிராமும் கிண்ணத்தில் வந்துவிடும், உள்ளே தங்குவது அரைக் கிராமும் இல்லை. நேற்றைய தூள் இன்றைய கோப்பையில் கலப்பதில்லை என்பதுதான் ஒவ்வொரு தடவையும் நிறுத்துப் போட்டு அரைக்கும் இந்த வகையின் பெரிய லாபம். அளவு வளையத்தில் எண்கள் இருக்கின்றன. எஸ்பிரெசோவுக்கு 15க்குக் கிட்டக் கொண்டுபோய், மறுபடி வி60க்கு 40க்குத் திருப்புவது ஒரு நொடி வேலை.

கே-அல்ட்ராவில் அதே வேலைக்கு முக்கால் நிமிடம் சுற்ற வேண்டும். உருளையை இடது கையில் இறுக்கிப் பிடித்து, வலது கையால் சுற்றுகையில் கொட்டை உடைவது விரலுக்குத் தெரியும். நன்றாக வறுபட்டது மளமளவென்று போகும், இளவறுவல் முரண்டு பிடிக்கும். தம்பி பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில்கூடச் சுற்றுவேன் என்று பீற்றிக்கொள்வான். குளிர் காலையில் கை சூடாகிறது என்பதும் அவன் வாதம். எனக்கு மணிக்கட்டில் பழைய வலி ஒன்று இருப்பதால் இரண்டாவது கோப்பைக்குச் சுற்றும்போது அந்த வாதம் எடுபடுவதில்லை. அரைப்பின் தரத்தில் நீஷுக்கு அது தாழ்ந்ததில்லை. வி60க்கு மட்டும் என்றால் கே-அல்ட்ராவின் கோப்பையே இன்னும் தெளிவாக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நீஷுக்குச் சொந்தக்காரனாக இருந்துகொண்டு இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் உண்மை.

இனி வருவது எந்த விளம்பரத்திலும் இருக்காது: கல்.

சாக்கிலும் களத்திலும் காய்ந்த கொட்டையில் கல் வரும். கோப்பிக் கொட்டை நிறத்திலேயே, மிளகு அளவில். வறுத்த பிறகு எண்ணெய் பூசி இன்னும் அடையாளம் தெரியாமல் போகும். ஒரு நாள் தம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போது ‘டக்’ என்று பிடி நின்றது. பின்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பி, கவிழ்த்துத் தட்டினான். மேசையில் ஒரு வெள்ளைக் கல்லுத் துணுக்கு உருண்டது. அவ்வளவுதான், ஊதிவிட்டு மறுபடி சுற்றினான். அதே சாக்குக் கொட்டையில் அடுத்த வாரம் என் முறை. மெஷினுக்கு விரல் இல்லையே. ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வந்து, நான் பாய்ந்து சுவிச்சை நிறுத்துவதற்குள் கல் பாதி அரைபட்டிருந்தது. பர்ரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பல்லின் ஓரத்தில் அரிசிக் குறுணை அளவு பொளிந்திருந்தது. கோப்பையில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் கழற்றும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. அன்றிலிருந்து சுளகில் பரப்பி இரண்டு தடவை பொறுக்காமல் ஒரு கொட்டையும் உள்ளே போவதில்லை. கடையில் பக்கெட்டில் வரும் நல்ல கொட்டையை மட்டும் பாவிப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. வீட்டுக் கொட்டை, சொந்தக்காரர் தரும் கொட்டை என்று பாவிப்பவருக்கு, கையால் சுற்றுவதுதான் காப்புறுதி.

அடுத்தது மல்லி. இதற்குக் கல்லைவிட அதிகம் கஷ்டப்பட்டேன். தடிமன் பிடித்திருந்த ஒரு நாள், நான் வேலைக்குப் போயிருந்த நேரம், அம்மா தன் வழமையான கோப்பிக்குக் கொட்டையோடு ஒரு பிடி மல்லியும் ஒரு துண்டு வேர்க்கொம்பும் சேர்த்து நீஷில் போட்டுவிட்டார். “நல்லா அரைக்கிற மெஷின்தானே, ஏன் உரலை இறக்கணும்னு பாத்தேன்.” வேர்க்கொம்பின் நார் கூம்பைச் சுற்றி நூல் மாதிரி இறுகியிருந்தது. ஒரு மாலை முழுக்கக் கழற்றி, பிரஷ் போட்டு, பல்குத்தியால் நாரை எடுத்தேன். பர் உறுதியான எஃகு என்றாலும் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும், கழுவ முடியாது. ஆகவே மணம் போகவில்லை. கால் கிலோ பழைய கொட்டையை அரைத்து வீசிய பிறகும் இரண்டு வாரம் என் எத்தியோப்பியாவில் ரசம் வாசம் அடித்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் கோப்பி உரலில் இடித்தால்தான் ருசி, அதை எந்த மெஷினும் செய்யாது. வீட்டில் அம்மா, மாமி யாராவது மல்லிக் கோப்பி போடுபவராக இருந்தால், கிரைண்டரை வாங்குகிற அன்றே அதைச் சொல்லிவிடுங்கள்.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹட்டனில் மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை உப்பு டப்பா கசியும். இந்தக் காலத்தில் கொட்டையை மேலே கொட்டி வைத்து அப்பப்போ அரைக்கும் வகை சரிவராது. யுரேகா மின்யோன் ஸ்பெஷியலிட்டா அப்படிப்பட்டது, 300 கிராம் வரை மேலே இருக்கும். எஸ்பிரெசோவுக்கு மட்டும் அருமையான மெஷின், சத்தமும் குறைவு, ஆனால் நாலு நாளில் கொட்டை பதத்துப்போய், திங்கட்கிழமை வைத்த அளவு வியாழக்கிழமை ஓடாது. வி60க்கும் எஸ்பிரெசோவுக்கும் மாறி மாறித் திருப்பவும் அது தோதில்லை. பண்டாரவளை வேறு. அங்கே மழை பெரும்பாலும் வருடக் கடைசியில். ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை காற்று உலர்ந்து வீசும். அந்த நாட்களில் தூளில் நிலைமின் ஏறி, கிண்ணத்தின் வாயிலும் மேசையிலும் ஒட்டிக்கொள்ளும். டிஎஃப்64இல் இந்தத் தொல்லை பேர்போனது. மருந்து லேசானது: கொட்டையில் ஒரே ஒரு துளி தண்ணீர் தெளித்துக் குலுக்கிவிட்டுப் போடுவது. ஹட்டனில் அந்தத் துளியை ஆகாயமே தெளித்துவிடுகிறது.

ஒன்று மட்டும். இரண்டு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பினால், எந்தக் கிரைண்டராக இருந்தாலும் திறந்து துடையுங்கள். கருவறுவல் கொட்டையின் எண்ணெய் பல்லில் ஒட்டி, ஈரமும் சேர்ந்தால் பழைய தேங்காயெண்ணெய் மாதிரி ஒரு சிக்கு வாசம் வரும். கே-அல்ட்ராவைக் கழற்ற ஆயுதம் வேண்டாம், நீஷின் மேல்பாகமும் கையாலேயே கழலும். ஒவ்வொரு ஆணிக்கும் திருப்புளி தேடவைக்கும் மெஷின்களை நாம் துடைக்கவே மாட்டோம் என்பது அனுபவம்.

கரண்ட் விஷயத்தில் என் சார்பு மாறுகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நீஷ் வந்திருக்கவில்லை, உரல்தான் கைகொடுத்தது. இப்போது அப்படி இல்லை. ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி இறங்கினால், பிளக்கைப் பிடுங்குவதுதான் முதல் வேலை. கரண்ட் லைனின் கடைசியில் இருக்கும் வீடு என்பதால் இரவு ஏழு மணிக்கு மெஷினின் சத்தமே சோர்ந்து கேட்கும். ஒரு தடவை சுவிச் செத்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து, வேறொரு சுவிச்சைப் பொருத்தித் தந்தார்கள். அது சாய்ந்துதான் நிற்கிறது, வேலை செய்கிறது. மோட்டார் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயம். கைக் கிரைண்டரில் போவதற்கு என்ன இருக்கிறது?

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவருவதாகச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நாடு? லண்டனிலிருந்து வருவது 230 வோல்ட்டில் நேராக ஓடும், மூன்று சதுரக் கால் பிளக்கும் இங்கே செல்லும். டொரொன்டோவிலிருந்து வருவது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோர்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், ஹேர்ட்ஸ் மாறாது. பாசத்தோடு வரும் அந்தப் பெட்டியை வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வேண்டும். கைக் கிரைண்டருக்கு இந்தக் கேள்வியே இல்லை.

ஜேர்மனியின் கொமாண்டான்டே சி40 கைக் கிரைண்டரையும் அவள் கேட்டாள். அழகான பொருள், நல்ல அரைப்பு, மரத்தொலி போர்த்திய உடம்பு. ஆனால் அளவு மாற்றும் ஒவ்வொரு கிளிக்கும் 30 மைக்ரோன். கே-அல்ட்ராவில் 20, அதே கம்பனியின் ஜே-அல்ட்ராவில் 8. எஸ்பிரெசோவுக்கு ஒரு கிளிக்கில் கோப்பி ஓடும் நேரம் பத்து விநாடி தாவும். அதற்கு 30 பெரிய படி. தூள் விழும் குப்பி கண்ணாடியிலும் வரும். எங்கள் வீட்டுச் சிமெந்துத் தரையை நினைத்தால் எனக்குச் சரிவரவில்லை.

ஆட்கள் வந்தால்? கைக் கிரைண்டருக்குள் ஒரு தடவைக்கு 35, 40 கிராம்தான் போகும். தீபாவளிக்கு எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தால் தம்பி நாலு தடவை சுற்றி முடிப்பதற்குள் முதல் கோப்பை ஆறிப்போகும். அந்த நாட்களில் நீஷ்தான் நிற்கும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் டீ போடலாம், யாரும் கோபிக்கப் போவதில்லை.

காசுக் கணக்கு இதுதான். டொலர் 300 ரூபாவுக்குக் கிட்ட இருக்கும்போது கே-அல்ட்ரா எண்பதாயிரத்தை ஒட்டி வரும், கொமாண்டான்டே அதைவிடக் கொஞ்சம் கூட. டிஎஃப்64 ஒரு இலட்சத்துக்கு மேல். நீஷ் ஸீரோ பவுண்டில் ஐந்நூறைச் சுற்றி, அதாவது இரண்டு இலட்சம். இவையெல்லாம் கூரியரும் சுங்கமும் ஏறுவதற்கு முந்திய கணக்கு. எடை கூடிய மெஷினுக்கு இரண்டுமே கூடும். இருவர் நாளுக்கு 40 கிராம் அரைத்தாலும் வருடத்துக்கு 15 கிலோதான், எஃகுப் பல் பல வருடம் தேயாது. ஆகவே பல் தேய்ந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம்.

அக்கா மகளுக்கு என் தீர்ப்பு இப்படி. நாளுக்கு இரண்டு கோப்பை, வி60, ஒரு ஆள், இருபத்தெட்டு வயதுக் கை: கே-அல்ட்ராவை வாங்கு. மிச்சக் காசில் பாதியை அம்மாவிடம் கொடு, மீதியை நல்ல கொட்டைக்கு வை. எஸ்பிரெசோ ஆசை உண்மையானது, மெஷினுக்கும் சீட்டுப் போட்டாகிவிட்டது என்றால் கே-அல்ட்ராவுக்குப் பதில் ஜே-அல்ட்ரா. அதன் நுணுக்கமான படி அங்கே உதவும், வி60க்கும் குறை சொல்ல முடியாது. ஆசை வெறும் ஆசைதான் என்றால் அதற்காக இப்போதே இரண்டு இலட்சம் கட்ட வேண்டாம். தட்டை பர் வேண்டாம். நீ குடிப்பதில் பாதி நம் வீட்டுக் கொட்டை. நீஷ் யாருக்கு என்றால், தினமும் நாலு கோப்பைக்கு மேல் அரைப்பவர், எஸ்பிரெசோவும் வடிகோப்பியும் மாறி மாறிக் குடிப்பவர், அல்லது என்னைப் போல மணிக்கட்டு வலிக்காரர்.

இதை ஃபோனில் சொன்னபோது ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம், “அப்ப மாமா, நீங்க மட்டும் ஏன் நீஷை விடல?” என்றாள். மணிக்கட்டைச் சொன்னேன். “சும்மா சொல்லாதீங்க, அந்த ‘ம்ம்ம்’ சத்தத்துக்குத்தானே” என்று சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை ரயிலில் வருகிறாள். ஒரே கொட்டையை இரண்டிலும் அரைத்து, எது எது என்று சொல்லாமல் ஊற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு. 250 கிராம் வறுத்து வைத்துவிட்டேன். கல் மூன்று தடவை பொறுக்கியாகிவிட்டது.